அபராதம் வண்டிக்காரனுக்கு

ஆஸ்திரேலியாவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் என் மனைவி முதலில் நம்பவில்லை. தலைப்பைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். "மாட்டு வண்டிக்கு ராத்திரி விளக்கு வைக்கணும்னு சொல்றதுக்கா கடல் தாண்டிப் போறீங்க?" என்றாள்.

அவள் சிரித்ததில் தப்பில்லை. நான் ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர்க்காரர்கள் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். வேலையில் இருந்தபோதே, வெள்ளைக்காரர் காலத்துச் சென்னை மாகாணத்தில் சாலைக்கும் துறைமுகத்துக்கும் என்னென்ன விதி போட்டார்கள் என்று தேடித் தேடிப் படிக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஓய்வுக்குப் பிறகு அதைப் பற்றி அங்கங்கே எழுதினேன், பேசினேன். அந்தப் பேச்சு ஒன்று வீடியோவாகச் சுற்றி, சிட்னி வரை போய்விட்டது. சிட்னியில் ஒரு கூட்டம், மெல்போர்னில் ஒரு கூட்டம் என்று ஏற்பாடு.

சிட்னியில் இறங்கிய மறுநாளே என் நிபுணத்துவம் சந்தி சிரித்தது. பரமட்டாவில் ரயில் ஏறினேன். வென்ட்வேர்த்வில்லில் இறங்க வேண்டும். பெட்டியில் ஒரு சத்தம் இல்லை, ஆளுக்கொரு போனில் மூழ்கிக் கிடந்தார்கள். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வென்ட்வேர்த்வில் என்ற பெயர்ப்பலகை ஜன்னலுக்கு வெளியே வந்தது, போயேபோய்விட்டது. ரயில் நிற்கவில்லை. எல்லா ரயிலும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது என்பதை என்னைத் தவிர பெட்டியில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். பிளாக்டவுனில் இறங்கி முழித்துக்கொண்டு நின்றவனை ஸ்டேஷன் ஊழியர் ஒரு அம்மாள் பிடித்து, "எதிர் பிளாட்பாரத்துக்குப் போ, டார்லிங்" என்று அனுப்பி வைத்தார். இதை வீட்டில் பாதிதான் சொன்னேன்.

பஸ்ஸில் இன்னொரு அதிசயம். இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவரைப் பார்த்து நன்றி சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. நம் ஊரில் ஸ்டாப் தள்ளி நிறுத்திவிட்டால் டிரைவரின் வம்சத்தையே இழுப்போம், நன்றியாவது ஒன்றாவது. இரண்டாம் தடவை நானும் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் வென்ட்வேர்த்வில் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், பாதிப் பேர் இலங்கைத் தமிழர்கள். எனக்கு அன்று நாக்கில் சனி இல்லை, சரஸ்வதிதான் இருந்தாள். இரவில் வண்டிக்கு விளக்கு வேண்டும் என்ற விதியைச் சொன்னேன். வண்டிக்காரன் தூங்கிப்போக மாடுகள் மட்டும் வழி தெரிந்து நடந்தால், அதுவும் குற்றம் என்று இருந்ததைச் சொன்னேன். "பொறுப்பாக நடந்த மாட்டுக்குப் பரிசு உண்டா என்று தேடினேன், கிடைக்கவில்லை" என்றேன். மண்டபம் குலுங்கியது. தோணிகளில் எத்தனை பேர் ஏறலாம் என்று பக்கப்பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்றிருந்ததையும், சோதனைக்கு ஆள் வந்தால் மிச்சம் பேரைப் பாய்க்கு அடியில் படுக்க வைத்ததையும் நடித்தே காட்டினேன்.

கடைசியில் கொஞ்சம் குரலை இறக்கினேன். அது என் பேச்சின் முத்தாய்ப்பு. "பாரம் ஏற்றியவர் வியாபாரி. அபராதம் வண்டிக்காரனுக்கு. ஆள் ஏற்றச் சொன்னவர் தோணி முதலாளி. தண்டனை, தோணி ஓட்டிய தண்டலுக்கு. அந்தச் சட்டம் கடைசிவரை, மாட்டுக் கயிறும் சுக்கானும் பிடித்தவன் கையைத்தான் பிடித்தது. ஏற்றச் சொன்னவன் கையைப் பிடிக்கவே இல்லை" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒரு இலங்கை ஆன்ட்டி வந்து, "நல்லாக் கதைச்சீங்கள், நெஞ்சில பட்டது" என்றார். அன்றைக்குச் சாப்பிட்ட கொத்து ரொட்டியில் காரம் தூக்கலாக இருந்தும் எனக்கு இனித்தது.

மெல்போர்னில் என் கல்லூரித் தோழன் சுந்தரம் வீட்டில் தங்கல். டான்டெனாங் பக்கம் வீடு. அவனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து, இன்னும் கார் ஓட்டக் கூடாது என்றிருந்தார்கள். என்னை விமான நிலையத்தில் கூட்டி வர அவனுடைய காரோடு ஜெகன் என்பவரை அனுப்பியிருந்தான்.

ஜெகனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இலங்கைத் தமிழர். படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் கொஞ்ச காலம் இருந்து வெளியே வந்தவர். ஆண்டுகள் பல ஆகியும் இன்னும் தற்காலிக விசாதான். பேக்கரி ஒன்றின் வேனில் விடிவதற்கு முன் ரொட்டி எடுத்துப் போய்க் கடைகளில் இறக்குவது அவர் வேலை. சுந்தரம் ஒரு காலத்தில் அவருக்கு விசா விஷயத்தில் ஓடியாடி உதவியிருக்கிறான். அந்த நன்றிக்கு, அவன் கூப்பிட்டால் வருவார்.

"வாங்கோ அங்கிள்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். ஊரில் யாரும் என்னை அங்கிள் என்று கூப்பிட்டதில்லை. அங்கே இரண்டே நாளில் ஊருக்கே அங்கிளாகிவிட்டேன்.

நகருக்குள் வந்ததும் என் உயிரைக் கொஞ்சம் வாங்கினார். வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், சந்திப்பின் நடுவில் நிறுத்திக்கொண்டு பேசாமல் இருந்தார். பக்கத்தில் டிராம் மணியடித்துக்கொண்டு போகிறது. "தம்பி, தம்பி, நடு ரோட்டுல நிக்கிறோம்!" என்று கத்திவிட்டேன். விளக்கு மாறியதும் நிதானமாக வலப்பக்கம் திரும்பினார். "டிராமுக்கு வழி விட வேணும் அங்கிள். இஞ்ச இப்பிடித்தான் திரும்புறது" என்றார். வாழ்நாளெல்லாம் லைசென்ஸ் கொடுத்தவனுக்கு அவர் லைசென்ஸ் பாடம் நடத்தியதில் இருவருக்குமே சிரிப்பு.

அந்தச் சிரிப்பில்தான் தன் கஷ்டத்தையும் சொன்னார். விடிகாலை ரொட்டி ஓட்டத்தில், வேகம் கொஞ்சம் கூடி, கேமராவில் அடிக்கடி மாட்டியிருக்கிறார். ஒவ்வொரு தப்புக்கும் லைசென்ஸில் புள்ளி வெட்டுவார்கள். எல்லாப் புள்ளியும் போனால் லைசென்ஸும் போகும். "இனி ஒருக்காப் பிடிபட்டா முடிஞ்சுது அங்கிள். லைசென்ஸ் போனா வேலையும் போகும். விசாவிலயும் கை வைப்பினமோ எண்டு பயம்" என்றார். "கவலைப்படாதீங்க, பக்கத்துல பிரேக் இன்ஸ்பெக்டர் உக்காந்திருக்கேன், ஒருத்தனும் தொட மாட்டான்" என்றேன். அப்படியே சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மறுநாள் சனிக்கிழமை, கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போனோம். சுந்தரமும் அவன் மனைவி கோமதியும் பின் சீட்டில், நான் முன்னால், ஜெகன் ஓட்ட. அபிஷேகம், அர்ச்சனை, சுண்டல் எல்லாம் ஆயிற்று. உண்டியலுக்குப் பக்கத்திலேயே கைகழுவும் திரவம் வைத்திருந்ததும், செருப்பு வைத்த இடத்தில் செருப்பு இருந்ததும் தவிர எல்லாம் நம் ஊர்தான். கேன்டீனில் தோசை சாப்பிட்டோம். சாம்பார் நம் ஊர்ச் சாம்பாரைவிட நன்றாக இருந்தது என்று சொன்னால் மனைவி கோபிப்பாள், அதனால் சுமார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கேதான் கும்பகோணத்துத் தம்பதியைச் சந்தித்தேன். மகன் வீட்டுக்கு வந்திருக்கும் பெற்றோர். வேட்டியைப் பார்த்ததும் அவரே வந்து பேசினார். இரண்டு நிமிடத்தில் என் அத்தான் அவருக்குத் தெரிந்தவர் என்றாகிவிட்டது. மகன் ஆபீஸ் அழைப்பில் மாட்டிக்கொண்டதால் கூட்டிப்போக வரத் தாமதமாகும், குளிரில் காத்திருக்கிறோம் என்றார்கள். வீடு எங்கே என்றால், நாங்கள் போகும் வழிதான்.

"அட, எங்களோட வாங்க" என்றேன். கார் என்னுடையதல்ல. ஓட்டப்போவதும் நானல்ல. ஆனாலும் நான்தான் கூப்பிட்டேன்.

ஜெகன் தயங்கினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கிள், பின்னால மூண்டு பேருக்குத்தான் பெல்ட் இருக்கு. ஒராள் கூடிப்போகும். உங்களைக் கொண்டுபோய் விட்டிட்டுத் திரும்பி வந்து இவையை ஏத்துறன். கன நேரம் செல்லாது" என்றார்.

"பக்கத்துல இருக்கிற இடத்துக்கு ரெண்டு நடையா? அட்ஜஸ்ட் பண்ணி உக்காந்துக்குவாங்க தம்பி. எங்க ஊர் ஷேர் ஆட்டோவைப் பாத்திருக்கீங்களா? இது அதுல பாதிகூட இல்ல" என்றேன். அந்த ஷேர் ஆட்டோக்களை நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டு வழக்குப் போட்டதுதான் என் பாதி உத்தியோகம்.

அவர் சுந்தரத்தைப் பார்த்தார். சுந்தரம் என்னைப் பார்த்தான். விருந்தாளி பேச்சைத் தட்டக் கூடாது என்று அவன் நினைத்திருப்பான். சுந்தரம் பேச்சைத் தட்டக் கூடாது என்று ஜெகன் நினைத்திருப்பார். பெரியவர்கள் சொன்னால் மறுக்காமல் இருக்க நாங்கள் எல்லாரும் நன்றாகப் பழகியிருந்தோம். பின் சீட்டில் நான்கு பேர் ஒருவர் மடியில் ஒருவர் இடித்துக்கொண்டு ஏறினார்கள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "ஊர் பஸ்ல போற மாதிரியே இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் சாலை ஓரமாக மஞ்சள் கூம்புகள் வைத்து எல்லா வண்டிகளையும் வரிசையாகத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று ஊதச் சொல்லிப் பார்க்கும் சோதனை. திரும்பிப் போக இடமில்லை. ஜெகன் வேகத்தைக் குறைத்து வரிசையில் சேர்ந்தார்.

வந்தது ஒரு பெண் போலீஸ். ஜெகனை ஊதச் சொன்னார், சரி என்றார். பிறகு குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குரல் உயரவில்லை. "பின்னால் எத்தனை பெல்ட் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்தானே?" என்று ஜெகனிடம் கேட்டார். ஜெகன் தெரியும் என்று தலையாட்டினார். "பிறகு ஏன் ஏற்றினீர்கள்?" என்றார். ஜெகன் லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

அவர் என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அந்தப் பெண்ணே என் பக்கம் திரும்பி, "நீங்கள், ஐயா? இது தப்பு என்று இவரிடம் யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். மரியாதையான கேள்வி. மரியாதையாகப் பதில் சொல்ல எனக்கு வாய்ப்பும் இருந்தது. என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "நான் விருந்தாளி. இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன். இங்கே உள்ள விதி எனக்குத் தெரியாது. வண்டி ஓட்டுபவருக்குத்தான் தெரியும்" என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன்.

யோசித்துச் சொன்னதல்ல. அதுதான் இன்னும் கேவலம். யோசிக்காமலே எனக்கு அது வந்தது.

அபராதம் ஜெகன் பெயருக்கு எழுதப்பட்டது. புள்ளியும் அவருக்குத்தான் போகும். ஒரு ஆள் இறங்காமல் வண்டி நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் இறங்கினேன். அதையாவது செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான், சொல்லிக்கொள்ள மனமில்லை. நெற்றியில் விபூதியோடு, வேட்டி காற்றில் பறக்க, மஞ்சள் கூம்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். போகிற வண்டியில் இருந்தவர்கள் நான்தான் குடித்துவிட்டு மாட்டியவன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்றிருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை அப்போது தகாது.

ஜெகன் எல்லாரையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டார். முதலில் அவர் செய்கிறேன் என்று சொன்னதும் அதே வேலைதான். அவர் சொன்னதுபோலக் கன நேரம் செல்லவில்லை, சீக்கிரமே வந்துவிட்டார். தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். குடித்தேன்.

வீட்டில் நான் உட்காரவில்லை. "வா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் ஏத்தச் சொன்னேன்னு எழுதிக் குடுத்துடறேன்" என்று சுந்தரத்தைப் பிடுங்கினேன். அவன் சோபாவில் சாய்ந்துகொண்டு, "நீ சொன்னாலும் சொல்லாட்டாலும் இங்க ஓட்டுறவன்தான் பொறுப்பு. நம்ம ஊர் மாதிரி பெரிய மனுஷன் போய்ச் சொல்லிப் பாக்கிறதெல்லாம் நடக்காது" என்றான். பிறகு, "நானும்தான் வாயைத் தொறக்கல" என்றான்.

கோமதி சமையலறையிலிருந்து வெளியே வந்தார். "அங்க பேச வேண்டிய இடத்துல ரெண்டு பேரும் பேசல. இப்ப ஹால்ல உக்காந்து பேசுறீங்க. அந்தப் புள்ள ரொட்டி வேலையும் போச்சுன்னா எங்க போவான்?" என்று கேட்டார். அன்று இரவு சாப்பாட்டை மூன்று பேரும் தொட்டோம், சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வேறு வழியில்லாமல் போனேன். கூட்டிப்போனதும் ஜெகன்தான். வண்டியிலேயே இருப்பார் என்று நினைத்தேன். உள்ளே வந்து கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். விளக்கு விதியைச் சொன்னேன். தூங்கும் வண்டிக்காரனைச் சொன்னேன். சிரித்தார்கள். ஜெகனும் சிரித்தார். தோணிகளைப் பற்றிய இடம் வந்தது. பாய்க்கு அடியில் ஆட்களைப் படுக்க வைத்த கதையை என்னால் நடிக்க முடியவில்லை. அதற்கடுத்தது, சிட்னியில் கைதட்டு வாங்கிய அந்த முத்தாய்ப்பு. வாயைத் திறந்தேன். கடைசி வரிசை கண்ணில் பட்டது. தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்து, துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றும் வழக்கம் பற்றி எதையோ உளறி, நன்றி வணக்கம் என்று முடித்தேன். கூட்டத் தலைவர், ஐயாவுக்குப் பயணக் களைப்பு என்றார். மரியாதைக்குத் தட்டினார்கள்.

திங்களன்று புறப்பாடு. விடிகாலை ரொட்டி ஓட்டம் முடித்து, மாவு ஒட்டிய சட்டையோடு ஜெகன் வந்தார். லைசென்ஸ் அலுவலகத்துக் கடிதம் வரும்வரை ஓட்டலாமாம். வந்தால் சில மாதங்களுக்கு லைசென்ஸ் இருக்காது. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். "பாப்பம் எண்டிருக்கிறார்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரவெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். கார் நெடுஞ்சாலையில் ஏறியது. அவரே ஆரம்பித்தார்.

"அங்கிள், ரெண்டு நாளா என்ர முகத்தை நீங்கள் பாக்கிறேல்லை."

"எப்படிப் பாக்கிறது தம்பி? நான்தான் ஏத்தச் சொன்னேன். அந்தப் பொண்ணு கேட்டப்போ உங்களைக் காட்டிக் குடுத்துட்டேன்."

"காட்டிக் குடுக்கேல்லை. பொலிஸ் கேட்டா வாய் தன்பாட்டில அப்பிடித்தான் சொல்லும். எனக்குத் தெரியும்" என்றார். கண் சாலையில் இருந்தது. "நாங்கள் வந்த போட்டில அளவுக்கு மிஞ்சின ஆக்கள். கொண்டுவந்த ஏஜென்ட் நடுக்கடலில வேற போட்டில மாறிப் போயிட்டான். ஓட்ட ஆளில்லை. எங்களோட வந்தவர் ஒருத்தர், முல்லைத்தீவு ஆள், மீன்பிடிக்கிறவர். அவரும் எங்களை மாதிரித் தப்பி வந்தவர்தான். அவர் மாட்டன் எண்டுதான் சொன்னவர். நாங்கள்தான் அவரைக் கெஞ்சி, பேசி, சுக்கானில இருத்தினாங்கள். அவராலதான் கரை கண்டனாங்கள்."

சிக்னல் போட்டு இடப்பக்க வரிசைக்கு மாறினார்.

"இஞ்ச வந்த பிறகு ஒவ்வொருத்தரா உள்ளுக்கக் கூப்பிட்டு விசாரிச்சவை. ஆர் போட் ஓட்டினது எண்டு கேட்டவை. எல்லாரும் அவரைத்தான் சொன்னது. நானும் சொன்னனான். ஆர் ஓட்டச் சொன்னது எண்டு அவையும் கேக்கேல்லை, நாங்களும் சொல்லேல்லை."

"அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?"

"மறியலில, அதுதான் ஜெயிலில, போட்டவை எண்டு கேள்வி. பிறகு வெளியால விட்டதெண்டும் சொல்லினம். இஞ்ச எங்கயோ இருக்கிறார் போல."

"நீங்க விசாரிச்சுப் பாக்கலையா?"

"இல்லை அங்கிள்" என்றார் ஜெகன். "விசாரிச்சா அவரின்ர போன் நம்பர் கிடைச்சிடும்."

விமான நிலைய வாசலில் வண்டி அதிக நேரம் நிற்கக் கூடாது. பெட்டியை இறக்கி வைத்தார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "கவனமாப் போயிட்டு வாங்கோ" என்றார். சரி என்றேன். அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட அப்போது சொல்லவில்லை. கார் மற்ற கார்களோடு கலந்து போய்விட்டது.

ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பயணம் எப்படி என்று கேட்பவர்களுக்கு டிராம் கதையைச் சொல்கிறேன், பிளாக்டவுன் கதையைச் சொல்கிறேன், சிரிக்கிறார்கள். ஜெகனுக்கு அந்தக் கடிதம் வந்ததா, வேலை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.